கரி தீர்ந்தது, பம்பு ஓயவில்லை!

ஜெர்மனியின் மேற்கு ஓரத்தில் ஒரு பெரிய தொழில் பிரதேசம் இருக்கிறது. அதன் பெயர் ரூர்.

அங்கு சுமார் 50 லட்சம் மக்கள் வாழ்கிறார்கள். வீடுகள், பள்ளிக்கூடங்கள், கடைத்தெருக்கள், கால்பந்து மைதானங்கள் எல்லாம் இருக்கின்றன. பார்ப்பதற்கு மற்ற ஊர்களைப் போலத்தான் இருக்கும்.

ஆனால், அங்கே இரவும் பகலும் தண்ணீர் இறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை என்று நிறுத்துவது இல்லை. கிறிஸ்துமஸ் என்று நிறுத்துவது இல்லை. நிறுத்தினால், அந்தப் பிரதேசத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் மூழ்கிவிடும் என்று கணக்கிட்டு இருக்கிறார்கள்.

எத்தனை நாளைக்கு இறைக்க வேண்டும்? பத்து ஆண்டா? நூறு ஆண்டா?

இல்லை. என்றென்றைக்கும்!

இந்த வேலைக்கு ஜெர்மானியர்கள் வைத்திருக்கும் பெயரே "முடிவில்லாத கடமை" என்பதுதான். ஓர் ஊர் எப்படி இந்த நிலைக்கு வந்தது? அது 200 ஆண்டு கதை.

சாய்ந்து கிடக்கும் கரி

ரைன் என்ற பெரிய நதியின் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதில் கிழக்கே இருந்து வந்து கலக்கும் ஒரு துணை ஆறுதான் ரூர். நீளம் சுமார் 220 கிலோமீட்டர். டூயிஸ்பர்க் என்ற ஊரில் ரைனோடு சேருகிறது.

ரூருக்கு வடக்கே எம்ஷர் என்று ஒரு சிற்றாறு. அதற்கும் வடக்கே லிப்பே என்று இன்னோர் ஆறு. இந்த மூன்று ஆறுகள் பாயும் நிலத்தில்தான் டூயிஸ்பர்க், ஓபர்ஹாசன், எஸ்ஸன், கெல்சன்கிர்ஷன், போகம், டார்ட்மண்ட் ஆகிய நகரங்கள் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. எந்த ஊர் எங்கே முடிகிறது, அடுத்த ஊர் எங்கே தொடங்குகிறது என்று புதிதாக வருகிறவர்களுக்குத் தெரியாது.

சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இந்த இடம் சதுப்பு நிலக் காடாக இருந்தது. மரங்கள் விழுந்து, மண் மூடி, அழுந்தி அழுந்திக் கரியாயின. அந்தக் கரி ஒரே அடுக்காக இல்லை. சீட்டுக்கட்டு போல அடுக்கு அடுக்காக இருந்தது. அதுவும் சாய்ந்து கிடந்தது.

தெற்கே, ரூர் ஆற்றங்கரையில், கரி தரைக்கு வந்து எட்டிப் பார்த்தது. மண்வெட்டியால் தோண்டினாலே கிடைத்தது. வடக்கே போகப் போக ஆழத்துக்குப் போய்விட்டது. எம்ஷர் பக்கம் நூற்றுக்கணக்கான மீட்டர். லிப்பே பக்கம் ஆயிரம் மீட்டருக்கும் கீழே!

ஆகையால், சுரங்கத் தொழில் தெற்கே பிறந்து வடக்கே நடந்தது. ரூர் கரையில் இருந்து வடக்கு நோக்கிப் புறப்பட்டால், ஒவ்வோர் ஊராக அந்தச் சரித்திரத்தைப் பார்த்துக்கொண்டே போகலாம்.

பன்றி மேய்த்த பையன்

கரி கிடைத்தது எப்படி என்று அந்த ஊர்க்காரர்கள் ஒரு கதை சொல்லுவார்கள்.

விட்டன் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு பையன் பன்றி மேய்த்துக்கொண்டு இருந்தான். இரவில் குளிர் தாங்கவில்லை. ஒரு பள்ளத்தில் சுள்ளிகளைப் போட்டுத் தீ மூட்டிவிட்டுப் படுத்தான். காலையில் எழுந்து பார்த்தால், சுள்ளி எல்லாம் எரிந்து சாம்பலாகி இருந்தது. ஆனால் தீ அணையவில்லை! சுள்ளிக்கு அடியில் இருந்த கறுப்புக் கல் கனகன என்று கனிந்துகொண்டு இருந்தது. பையன் ஓடிப்போய் வீட்டில் சொன்னான்.

இது கதைதான். ஆனாலும், விட்டன் பக்கத்துப் பள்ளத்தாக்கில் இன்றைக்கும் பழைய கரிக் குழிகளைக் காணலாம். விவசாயிகள் அறுவடை முடிந்த பிறகு அங்கே கரி தோண்டினார்கள். குன்றின் பக்கவாட்டில் படுக்கையாகத் துளைத்துக்கொண்டு போவார்கள். ஊறும் தண்ணீர் தானாக வெளியே ஓடிவிடும்.

ஆற்று மட்டத்துக்குக் கீழே தோண்டத் தொடங்கியபோதுதான் வினை வந்தது. குழிக்குள் தண்ணீர் கொட்டியது. கரி இருக்கிறது, எடுக்க முடியவில்லை.

1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதற்கு வழி பிறந்தது. இங்கிலாந்தில் ஓடிக்கொண்டு இருந்த நீராவி எந்திரம் ரூருக்கும் வந்தது. பிரான்சு டின்னன்டால் என்ற தச்சுத் தொழிலாளி அந்த எந்திரத்தைத் தாமே செய்யக் கற்றுக்கொண்டார். எந்திரம் தண்ணீரை இறைத்தது. மனிதன் கீழே இறங்கினான்.

ஆக, ரூர் சுரங்கங்களுக்கு ஆழத்துக்கு வழி காட்டியதே பம்புதான்.

1830-களில் இன்னொரு தடை உடைந்தது. வடக்கே கரியின் மேல் சுண்ணாம்பும் களிமண்ணும் கலந்த கெட்டிப் படலம் ஒன்று மூடி இருந்தது. அதற்கு அடியில் கரியே இல்லை என்று பலர் நினைத்தார்கள். பிரான்சு ஹானியல் என்ற வியாபாரி அதைத் துளைத்துப் பார்த்தார். கீழே கரி இருந்தது. அதுவும் இரும்பு உருக்குவதற்கு ஏற்ற முதல் தரமான கரி!

14 வயது முதலாளி

எஸ்ஸன் நகரம் உருக்கினால் பிறந்தது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், அதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு தொடங்கியவர்கள் பெண்கள். உயர்குலப் பெண்களுக்காக 9-ம் நூற்றாண்டில் அங்கு ஒரு கிறிஸ்தவ மடம் ஏற்பட்டது. மடத்தின் தலைவி ராணியைப் போல ஊரை ஆண்டாள். 1803 வரை இந்தப் பெண் ஆட்சி நடந்தது. அப்போது எஸ்ஸனில் சில ஆயிரம் பேர்தான் வாழ்ந்தார்கள். 1900-ல் அது ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது.

இந்த மாறுதலில் பெரும் பங்கு ஒரு குடும்பத்துக்கு உண்டு. குருப் குடும்பம்!

1811-ல் பிரெடரிக் குருப் என்பவர் எஸ்ஸனில் ஓர் உருக்குப் பட்டறை தொடங்கினார். நல்ல உருக்கு செய்யும் வித்தை அப்போது ஆங்கிலேயர் கையில் இருந்தது. அதைக் கண்டுபிடிக்கப் பாடுபட்டார். பணத்தை எல்லாம் இழந்தார். 1826-ல் இறந்துபோனார். மிஞ்சியவை கடனும், விரல்விட்டு எண்ணக்கூடிய சில தொழிலாளர்களும்தான்.

பட்டறை மகன் ஆல்பிரட் தலையில் விழுந்தது. அவனுக்கு வயது 14.

பையன் சளைக்கவில்லை. 1851-ல் லண்டன் மாநகரில் நடந்த உலகப் பொருட்காட்சிக்குச் சுமார் 2 டன் எடையுள்ள ஒரே உருக்குக் கட்டியை அனுப்பினார். பார்த்தவர்கள் மூக்கில் விரல் வைத்தார்கள். பிறகு, ஒட்டு இல்லாமல் ரெயில் சக்கரப் பட்டை செய்யும் முறையைக் கண்டுபிடித்தார். ஒட்டு உள்ள பட்டை ஓட்டத்தில் விரிசல் விடும். இது விடாது. அமெரிக்க ரெயில்வேக்கள்கூட வாங்கின. ஒன்றோடு ஒன்று பின்னிய மூன்று சக்கரப் பட்டைகள்தான் குருப் கம்பெனியின் முத்திரையாயின.

ஆனால் உலகம் குருப்பை நினைவில் வைத்தது சக்கரத்துக்காக அல்ல, பீரங்கிக்காக! "பீரங்கி ராஜா" என்றே ஆல்பிரட்டை அழைத்தார்கள். காசு கொடுத்த நாட்டுக்கெல்லாம் விற்றார். 1873-ல் அவர் குடியேறிய மாளிகையில் 269 அறைகள். 1887-ல் அவர் கண்ணை மூடியபோது சுமார் 20 ஆயிரம் பேர் அவரிடம் வேலை பார்த்தார்கள்.

கரி இருக்கும் இடத்துக்கு இரும்பு ஏன் வந்தது? இரும்புக் கல்லை உருக்குவதற்கு அந்தக் காலத்தில் கரி ஏராளமாகத் தேவைப்பட்டது. சுரங்கக் கரியை அப்படியே போட முடியாது. காற்றுப் புகாத அடுப்பில் சுட்டு, புகையும் தாரும் போன பிறகு மிஞ்சும் கோக் கரியைத்தான் உலையில் போடுவார்கள். அவ்வளவு கரியைச் சுமந்து போவதைவிட, இரும்புக் கல்லைக் கரி இருக்கும் இடத்துக்குக் கொண்டுவருவது லாபம். 1847-ல் ரெயில் பாதை வந்தது. ரைன் நதியில் கப்பல்கள் வந்தன. சுவீடன், ஸ்பெயின் நாட்டு இரும்புக் கல்கூட ரூருக்கு வந்து இறங்கியது.

ஆட்டுக்குப் பெயர் பசு

சுரங்கத்துக்கு ஆள் வேண்டுமே! சுற்று வட்டாரத்து விவசாயிகள் போதவில்லை. கிழக்கே இருந்து லட்சக்கணக்கான போலிஷ் மக்கள் குடும்பத்தோடு வந்தார்கள். இன்றைக்கும் ரூர் நகரங்களில் வீட்டுக் கதவுகளில் போலிஷ் பெயர்களைப் பார்க்கலாம்.

தங்குவதற்குக் கம்பெனிகளே குடியிருப்புகள் கட்டின. ஓபர்ஹாசனில் 1846-ல் கட்டத் தொடங்கிய ஐசன்ஹைம் குடியிருப்புதான் ரூரில் மிகப் பழமையானது. வீட்டின் பின்னால் ஒரு தோட்டம். தோட்டத்தில் ஒரு கொட்டில். மாடு வளர்க்க வசதி இல்லாதவர்கள் ஆடு வளர்த்தார்கள். அந்த ஆட்டுக்குச் "சுரங்கத் தொழிலாளியின் பசு" என்று பெயர்! மாடியில் புறாக் கூண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் புறாப் பந்தயம்.

வீடு நல்லதுதான். ஆனால் அதில் ஒரு சுருக்கு இருந்தது. வேலை போனால் வீடும் போகும். வேலை நிறுத்தம் செய்ய நினைக்கும் தொழிலாளி, மனைவி மக்களுடன் தெருவில் நிற்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

அப்படியும் 1889-ல் சுமார் 90 ஆயிரம் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். "8 மணி நேர வேலை வேண்டும், கூலி உயர வேண்டும்" என்று கேட்டார்கள். சக்கரவர்த்தி இரண்டாம் வில்லியமைப் பார்ப்பதற்குத் தொழிலாளர் மூன்று பேர் பெர்லின் சென்றார்கள். சக்கரவர்த்தி அவர்களை வரச்சொல்லிப் பேசினார். கூடவே மிரட்டியும் அனுப்பினார். கிடைத்தது கொஞ்சம்தான். ஆனால் அந்த ஆண்டே சுரங்கத் தொழிலாளர்கள் சங்கம் அமைத்துவிட்டார்கள்.

சுரங்கத்துக்குள் மனிதர்கள் மட்டும் வேலை பார்க்கவில்லை. கரி வண்டிகளைக் குதிரைகள் இழுத்தன. பல குதிரைகள் ஆண்டுக்கணக்கில் பூமிக்கு அடியிலேயே லாயத்தில் கிடந்தன. ரூரின் கடைசிச் சுரங்கக் குதிரை 1966-ல்தான் மேலே வந்தது. அதன் பெயர் டோபியாஸ்.

சுரங்கத்தில் இறங்குகிறவர்கள் ஒருவருக்கு ஒருவர் "குளூக் அவுஃப்" என்று சொல்லிக்கொள்வார்கள். "அதிர்ஷ்டத்தோடு மேலே வா" என்பது போன்ற வாழ்த்து அது. வெறும் மரியாதைக்குச் சொல்வது அல்ல. கரிக்குள் தீப்பற்றும் வாயு இருக்கிறது. ஒரு பொறி போதும்.

1908 நவம்பர் 12-ந் தேதி விடியும் முன்பே அந்தப் பொறி விழுந்தது. ஹாம் நகரத்தில் உள்ள ராட்போட் சுரங்கம் வெடித்தது. அது தொடங்கிச் சில ஆண்டுகளே ஆன புதுச் சுரங்கம். இரவு முறைக்குப் போனவர்கள் உள்ளே இருந்தார்கள். தீ அடங்கவில்லை. மீட்கப் போனவர்கள் திரும்பிவிட்டார்கள். கடைசியில், தீயை அணைப்பதற்காகச் சுரங்கத்துக்குள் தண்ணீரை விட்டு நிரப்பினார்கள். வாசலில் பெண்கள் நின்றுகொண்டு இருந்தார்கள். இறந்தவர்கள் சுமார் 350 பேர்.

உதவிக்கு வந்த எதிரி

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 1906 மார்ச்சு மாதம், பிரான்சு நாட்டில் கூரியர் என்ற இடத்தில் ஒரு சுரங்கம் வெடித்து 1,099 பேர் இறந்தார்கள். அப்போது ரூர் சுரங்கங்களில் இருந்து ஒரு மீட்புக் கூட்டம் மூச்சுக் கருவிகளோடு ரெயில் ஏறிப் போய் உதவியது. ஜெர்மனிக்கும் பிரான்சுக்கும் ஜென்மப் பகை இருந்த காலம் அது!

எட்டே ஆண்டில் இரு நாடுகளும் போரில் மோதின. முதல் உலகப்போரில் ஜெர்மனி தோற்றது. நஷ்ட ஈடாகத் தர வேண்டிய கரியும் மரமும் சரியாக வரவில்லை என்று 1923 ஜனவரியில் பிரெஞ்சு, பெல்ஜிய ராணுவங்கள் ரூருக்குள் புகுந்தன. தொழிலாளர்கள் வேலை செய்ய மறுத்தார்கள். மார்ச்சு 31-ந் தேதி குருப் தொழிற்சாலையில் பிரெஞ்சு சிப்பாய்கள் சுட்டதில் 13 தொழிலாளர்கள் செத்தார்கள்.

வேலை செய்யாதவர்களுக்குச் சம்பளம் கொடுக்க அரசாங்கம் நோட்டு அடித்துத் தள்ளியது. ஏற்கெனவே சரிந்துகொண்டு இருந்த பணத்தின் மதிப்பு தலைகுப்புற விழுந்தது. அந்த நவம்பரில் ஒரு டாலருக்கு 4 லட்சத்து 20 ஆயிரம் கோடி மார்க்! ஆயுள் முழுவதும் சேர்த்த பணத்தில் ஒரு ரொட்டிகூட வாங்க முடியவில்லை. அந்த வயிற்றெரிச்சலையும் ஹிட்லர் பயன்படுத்திக்கொண்டான்.

இரண்டாம் உலகப்போரில் ஹிட்லரின் ஆயுதக் கிடங்கு ரூர்தான். ஐரோப்பா எங்கும் பிடித்துக்கொண்டு வரப்பட்ட மக்கள், உலைகளிலும் சுரங்கங்களிலும் அடிமைகளாக வேலை செய்தார்கள். 1943 மார்ச்சில் எஸ்ஸன் மீது குண்டு மழை தொடங்கியது. மே மாதம் 16-ந் தேதி இரவு ஆங்கிலேய விமானங்கள் மோனே அணையை உடைத்தன. வெள்ளத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அவர்களில் பாதிக்கு மேல், அணைக்குக் கீழே முகாமில் அடைக்கப்பட்டு இருந்த வெளிநாட்டுத் தொழிலாளர்களும் கைதிகளும். பெரும்பாலோர் பெண்கள். தப்பிக்க வழி இல்லாமல் மாண்டவர்கள் இந்த அப்பாவிகள். அவர்களுடைய நாடுகளோ ஜெர்மனியை எதிர்த்துப் போர் செய்துகொண்டு இருந்தவை!

போர் முடிந்ததும், ரூரை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. அங்கே கரியும் உருக்கும் இருக்கும்வரை பீரங்கியும் வருமே!

1950 மே 9-ந் தேதி பிரெஞ்சு வெளிநாட்டு மந்திரி ராபர்ட் ஷூமன் ஒரு யோசனை சொன்னார். "ஜெர்மனியின் கரி, உருக்கையும், பிரான்சின் கரி, உருக்கையும் ஒரே பொது நிர்வாகத்தில் வைப்போம்" என்பது அதன் சாரம். கரி இல்லாமல் உருக்கு இல்லை. உருக்கு இல்லாமல் போர் இல்லை. தனியாகக் கையில் இல்லாததைக் கொண்டு யாரும் ரகசியமாகப் பீரங்கி செய்ய முடியாது!

1951-ல் பிரான்சு, மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், ஹாலந்து, லக்சம்பர்க் ஆகிய 6 நாடுகள் கையெழுத்துப் போட்டன. அந்த விதையில் இருந்து வளர்ந்ததுதான் ஐரோப்பிய யூனியன்.

உச்சமும் சரிவும்

1950-களின் நடுவில் ரூர் சுரங்கங்கள் ஆண்டுக்கு 12 கோடி டன் கரி எடுத்தன. உலைகள் இரவை எல்லாம் சிவப்பாக்கின. நமது ரூர்கேலா உருக்கு ஆலையைக் கட்ட உதவியதும் ரூர் பிரதேசத்துக் கம்பெனிகளான குருப்பும் டெமாக்கும்தான். ரூர்கேலாவின் முதல் ஊது உலையை 1959 பிப்ரவரி 3-ந் தேதி ஜனாதிபதி ராஜேந்திர பிரசாத் தொடங்கிவைத்தார்.

ஆனால் ரூரில் அதற்கு முந்திய ஆண்டே சரிவு தொடங்கிவிட்டது! 1958-ல் விற்காத கரி மலை மலையாகக் குவிந்தது. எண்ணெய் மலிவாகக் கிடைத்தது. கப்பலில் வரும் அமெரிக்கக் கரிகூட, ஆயிரம் மீட்டர் ஆழத்தில் இருந்து எடுக்கும் சொந்தக் கரியைவிட மலிவாக இருந்தது. சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின.

பிறகு உருக்கு ஆலைகளுக்கும் அந்தக் கதி வந்தது. 1987-ல் டூயிஸ்பர்க்கின் ரைன்ஹாசன் ஆலையை மூடப்போவதாக அறிவித்தார்கள். தொழிலாளர்கள் பாலத்தை மறித்தார்கள். பெண்கள் அடுப்பைவிட்டுத் தெருவுக்கு வந்தார்கள். போராட்டம் மாதக்கணக்கில் நடந்தது. மூடுவதைத் தள்ளிப்போடத்தான் முடிந்தது. 1993-ல் ஆலை நின்றது.

டார்ட்மண்ட் பீனிக்ஸ் ஆலையின் கதை இன்னும் விசித்திரம். மூடிய ஆலையைச் சீனாக்காரர்கள் விலைக்கு வாங்கினார்கள். சீனாவில் இருந்து தொழிலாளர்கள் வந்து தங்கி, ஒவ்வொரு துண்டாகக் கழற்றிக் கப்பலில் ஏற்றிச் சென்றுவிட்டார்கள். ஆலை இருந்த இடத்தில் 2010-ல் தண்ணீரை விட்டு ஏரி ஆக்கினார்கள். கரை ஓரத்தில் இப்போது விலை உயர்ந்த வீடுகள். உலையின் முன்னால் வியர்வை சிந்தியவர்களின் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அங்கே வீடு வாங்க முடியும் என்பது வேறு கேள்வி.

எஸ்ஸனில் உள்ள சோல்பெரைன் சுரங்கத்துக்கு வேறு வகை அதிர்ஷ்டம் அடித்தது. ஒரு காலத்தில் நாள் ஒன்றுக்கு 12 ஆயிரம் டன் கரி எடுத்த சுரங்கம் அது. 1986-ல் மூடினார்கள். இடித்துவிடலாம் என்றார்கள் சிலர். மாகாண அரசு வாங்கிக் காப்பாற்றியது. 2001-ல் ஐ.நா.வின் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நமது தஞ்சைப் பெரிய கோவில் இருக்கும் அதே பட்டியலில் ஒரு கரிச் சுரங்கம்!

கடைசிச் சுரங்கம் போட்ராப் நகரில் இருந்த புரோஸ்பர் ஹானியல். 2018 டிசம்பர் 21-ந் தேதி, கரி படிந்த முகத்தோடு மேலே வந்த தொழிலாளர்கள் ஒரு கரிக் கட்டியை ஜனாதிபதி ஸ்டைன்மையரிடம் கொடுத்தார்கள். ஜெர்மனியின் ஆழ்சுரங்கக் கரி அன்றோடு முடிந்தது. வயது முதிர்ந்த ஆண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

கால்வாயில் அம்மன் தீர்த்தம்

மக்கள் வருவது மட்டும் நிற்கவில்லை. போலிஷ் மக்களுக்குப் பிறகு இத்தாலியர் வந்தார்கள். 1961-ல் துருக்கியோடு ஒப்பந்தம் ஆயிற்று, துருக்கியர் வந்தார்கள். கொரியாவில் இருந்துகூடச் சுரங்கத்துக்கு ஆள் வந்தது.

1980-களில் இலங்கைத் தமிழர்கள் வந்தார்கள். அவர்கள் கரி வெட்ட வரவில்லை. உள்நாட்டுப் போரில் உயிர் தப்பி அகதிகளாக வந்தவர்கள். அவர்களில் சிலர் ஹாம் நகரத்தில் அம்மனுக்கு ஒரு சிறு கோவில் அமைத்தார்கள். 2002-ல் கோபுரத்தோடு பெரிய கோவிலாக எழுந்தது. ஸ்ரீ காமாட்சி அம்பாள் ஆலயம்! ராட்போட் சுரங்கம் வெடித்த அதே ஹாம்தான்.

கோடையில் தேர்த் திருவிழா. ஐரோப்பா எங்கும் உள்ள தமிழர்கள் ஆயிரம் ஆயிரமாகக் கூடுகிறார்கள். தீர்த்தத்துக்கு ஆறு வேண்டுமே? கோவிலுக்கு அருகே ஓடும் கால்வாயே தீர்த்தம் ஆகிறது. 1914-ல் திறக்கப்பட்ட அந்தக் கால்வாய், ரூர் பிரதேசத்தின் கரிக்கும் சரக்குக்கும் கப்பல் போக்குவரத்து வழியாகப் பயன்பட்டது!

சாக்கடை ஆறு

கரியும் உருக்கும் போனதால் கிடைத்த நன்மையும் உண்டு.

முன்பு காலையில் வெள்ளைத் துணி உலர்த்தினால் மாலையில் சாம்பல் நிறம். 1961 தேர்தல் பிரசாரத்தில் வில்லி பிராண்ட், "ரூரின் வானம் மறுபடி நீலமாக வேண்டும்" என்று பேசினார். பலர் சிரித்தார்கள். இன்று வானம் நீலமாகத்தான் இருக்கிறது.

எம்ஷர் ஆற்றின் கதை அதைவிடப் பெரியது. சுரங்கம் தோண்டியதால் தரை இறங்கிக்கொண்டே இருந்தது. பூமிக்கு அடியில் குழாய் பதித்தால் உடைந்துவிடும். ஆகவே, எம்ஷர் ஆற்றையே திறந்த சாக்கடை ஆக்கினார்கள். கரையில் சிமெண்டு. ஓரத்தில் வேலி. குழந்தைகளை அந்தப் பக்கம் போகவிடமாட்டார்கள். நூறு ஆண்டுக்கு மேல் அந்த நாற்றத்தோடு மக்கள் குடித்தனம் நடத்தினார்கள்.

சுரங்கங்கள் வடக்கே நகர்ந்து தரை அசையாமல் நின்ற பிறகு, 1992-ல் வேலை தொடங்கியது. 51 கிலோமீட்டர் நீளத்துக்குப் பூமிக்குள் பெரிய கழிவுநீர்க் குழாய் பதித்தார்கள். 2021 முடிவில் எம்ஷர் ஆற்றில் சாக்கடை கலப்பது நின்றது. செலவு சுமார் 550 கோடி யூரோ. மீன்கள் திரும்ப வருகின்றன.

உருக்கு மட்டும் முழுவதும் போய்விடவில்லை. டூயிஸ்பர்க்கில் இன்னும் உலைகள் எரிகின்றன. ஐரோப்பாவின் மிகப் பெரிய உருக்கு ஆலை அங்கேதான் இருக்கிறது. ஆனால் கோக் கரி இப்போது கடல் கடந்து வருகிறது! கரிக்குப் பதிலாக ஹைட்ரஜன் வாயுவைக் கொண்டு இரும்பு செய்ய 2023-ல் அரசாங்கம் சுமார் 200 கோடி யூரோ உதவி அறிவித்தது. 2024 நவம்பரிலோ, 11 ஆயிரம் வேலைகளைக் குறைக்கும் திட்டத்தைக் கம்பெனி வெளியிட்டது. டூயிஸ்பர்க் குடும்பங்களுக்கு அந்தக் கவலை தீரவில்லை.

இறங்கிய தரை

இனி அந்தப் பம்புகள்.

பூமிக்குள் இருந்து கோடிக்கணக்கான டன் கரியை எடுத்தால் அந்த இடம் காலியாகத்தானே இருக்கும்? மேலே உள்ள பாறை உட்கார்ந்தது. பாறையோடு தரையும் உட்கார்ந்தது. எஸ்ஸன் நகரில் சில இடங்கள் 20 மீட்டருக்கு மேல் இறங்கிவிட்டன. ஆறு மாடிக் கட்டடத்தின் உயரம் அது! ஒரேயடியாக இறங்கவில்லை. ஆண்டுக்குக் கொஞ்சமாக இறங்கியது. சுவரில் விரிசல் விழும். பூசுவார்கள். மறுபடி விழும்.

தரை இறங்கியதால் ஓடைகளுக்கு வழி தவறிவிட்டது. முன்பு சரிவில் ஓடி ஆற்றில் சேர்ந்த தண்ணீர், இப்போது பள்ளத்தில் தேங்குகிறது. ஆறு உயரத்தில் இருக்கிறது. ஊர் பள்ளத்தில் இருக்கிறது. அந்தப் பள்ளங்களில்தான் லட்சக்கணக்கான வீடுகள். ஆகையால், தேங்கும் தண்ணீரை ஏற்றி ஆற்றில் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இது மேலே நடக்கும் வேலை.

ஆழத்தில் நடப்பது இன்னொன்று. மூடிய சுரங்கப் பாதைகளில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கிறது. அந்தத் தண்ணீரில் உப்பும் வேறு கசடுகளும் கலந்து இருக்கின்றன. அது மேலே ஏறிக் குடிநீர் ஊற்றோடு கலந்தால் ஆபத்து. அதற்கு முன்பே ஒரு மட்டத்தில் நிறுத்தி, இறைத்து, ஆற்றில் விடுகிறார்கள்.

இதற்கு எல்லாம் பணம்? 2007-ல் ஓர் அறக்கட்டளை வைத்தார்கள். கரிக் கம்பெனியின் சொத்தை அதனிடம் ஒப்படைத்தார்கள். அதைத் தொழில்களிலும் பங்குகளிலும் போட்டு, வரும் வருமானத்தில் தண்ணீர் இறைக்க ஏற்பாடு. ஆண்டுச் செலவு 20 கோடி யூரோவுக்கு மேல். பங்கு மார்க்கெட் விழுந்தாலும் தண்ணீர் ஊறாமல் இருக்கப்போவது இல்லை. இறைத்துத்தான் ஆக வேண்டும்.

முன்பு பல சுரங்கங்களில் தனித்தனியாக இறைத்தார்கள். இப்போது கீழே சுரங்கப் பாதைகளை இணைத்துத் தண்ணீரை ஒன்றுசேர்த்து, சில இடங்களில் மட்டும் இறைக்கிறார்கள். போகம் நகரில் உள்ள பழைய ராபர்ட் மியூசர் சுரங்கம் அவற்றில் ஒன்று. அங்கு 500 மீட்டருக்கும் கீழே இருந்து தண்ணீர் மேலே வருகிறது. பூமியின் சூட்டினால் அந்தத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். அதை ஆற்றில் விடுவதற்கு முன்பு சூட்டை எடுத்துக்கொள்ளக் கருவி வைத்தார்கள். குளிர்காலத்தில் பக்கத்தில் உள்ள இரண்டு பள்ளிக்கூடங்களுக்கும், ஒரு தீயணைப்பு நிலையத்துக்கும் கணப்புக்கு அந்தச் சூடு போகிறது.